ஒரு சொட்டு ரத்தமில்லாமல்

முதல் அடியில் குழாயின் வாய் மடங்கியது.

இரண்டாவது அடியில் சம்மட்டி நழுவி அவன் முழங்காலையே பதம் பார்த்தது. வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்று இருந்தது.

மறுபடி ஓங்கினான்.

தகரக் கொட்டகை அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. தெருவில் நாய் குரைக்கத் தொடங்கியது.

சன்னலுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. பத்தடி தூரம்கூட இருக்காது. மனைவி சாந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காலையில் கட்டிய அதே பச்சைச் சேலை.

திரும்பவில்லை.

அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அடித்தான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வராது. இத்தனை வருஷத்தில் பழக்கமும் இல்லை. உடைத்துப் போட்டால் அவளுக்குப் புரியும்.

பன்றி விரட்டத்தான் இந்த ஒலிக்குழாயைச் செய்தான். கடலைக்காட்டை உழுது போட்டுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிகள் இது போடும் சத்தத்துக்கு வேலி தாண்டி ஓடின. வெடி வேண்டாம், கம்பியில் கரண்ட் விட வேண்டாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்த அவனால் முடியாது. எதைச் செய்தாலும் அது நாளை என்னவாகும் என்று பேசியாக வேண்டும். ஊரில் அவனுக்கு 'வருங்காலம்' என்றே பெயர். டீக்கடைப் பக்கம் தலை தெரிந்தால், வருங்காலம் வருதுங்கோ என்பார்கள். சட்டைப் பையில் போன், கூரையில் வெயிலைப் பிடிக்கும் தகடு என்று அவன் சொன்னவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகு சிரிப்பு நின்றது. மேடை கிடைத்தது.

மேடையில்தான் சொன்னான். இனித் தடியடி இருக்காது. துப்பாக்கி இருக்காது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஆயிரம் பேரைக் கலைக்கும் காலம் வருகிறது.

கை தட்டினார்கள். சாயப்பட்டறை முதலாளியும் தட்டினார்.

இன்று மதியம் அந்தக் காலம் வந்துவிட்டது.

பட்டறை மொட்டைமாடியில் அவன் செய்துகொடுத்த புதுக்குழாய் ஒன்று வாசலைப் பார்த்து நின்றது. கீழே ஊர் திரண்டிருந்தது. ஆளுக்கொரு குடத்தில் சிவப்புத் தண்ணீர். அவரவர் கிணற்றில் இறைத்தது.

சும்மா பயமுறுத்தத்தான் என்று சொல்லி அவனை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். சத்தத்தைக் கூட்டும் திருகில் அவன் ஒரு கோடு போட்டிருந்தான். அதைத் தாண்டினால் காது போய்விடும் என்று சொல்லியும் இருந்தான். தாண்ட முடியாதபடி செய்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தான்.

மேலாளர் கடைசி வரை திருகினார்.

குடங்கள் உருண்டன. காதைப் பொத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தார். ஒருத்தி தன் காதைப் பொத்துவதா, இடுப்பிலிருந்த பிள்ளையின் காதைப் பொத்துவதா என்று தெரியாமல் மண்டியிட்டு அலறினாள். அவள் வாய் திறந்திருந்தது மட்டும்தான் மேலே தெரிந்தது.

ஒரு பச்சைச் சேலை ஓடவில்லை.

முன்வரிசையில், குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, நிமிர்ந்து மாடியைப் பார்த்தபடி நின்றது.

அவன் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்தார்கள். பிடித்த கையைக் கடித்தான். வயிற்றில் குத்தினார்கள். தரையில் கன்னத்தை வைத்து அழுத்தினார்கள். வாசல் காலியாகும்வரை விடவில்லை.

பிறகு முதலாளியே குனிந்து அவனைத் தூக்கிவிட்டார். உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்.

"நீங்க சொன்னது நடந்துருச்சுங்க. ஒரு சொட்டு ரத்தமில்லீங்க."

சம்மட்டியை ஓங்கினான். அந்தச் சொல்லின் மேல் அடித்தான். சுருள் தெறித்தது. காந்தம் இரண்டாகப் பிளந்தது. இது முதல் குழாய். இதை உடைத்தால் மாடியில் இருப்பது சாகாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே அடித்தான்.

குக்கர் விசிலடித்தது.

அவள் அப்போதும் திரும்பவில்லை. கோபம் வந்தால் சாந்தாமணி வாய் திறக்க மாட்டாள். அவள் கொலுசின் வெள்ளியை உருக்கி சுவிட்சுக்கு வைத்தபோது ஒரு மாதம் பேசாமல் சோறு போட்டாள். அந்த மாதத்தை எண்ணி இப்போது ஆசையாக இருந்தது. ஒரு மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

விசில் எண்ண அவள் அடுப்பருகில் நிற்கும் வழக்கமில்லை. வாசலில் யாரோடாவது கதை பேசிக்கொண்டே எண்ணிவிடுவாள். இன்று குனிந்து, குக்கரின் வெயிட் மேலேயே கண்ணை வைத்து நின்றாள். அது எழும்பி அடங்கியதும் ஒரு விரலை மடக்கினாள்.

என் முகத்தைப் பார்ப்பதற்கு அதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறாள், என்று எண்ணிக்கொண்டான். வெட்கமாக இருந்தது.

"சாந்தா," என்றான்.

இன்னும் உரக்கக் கூப்பிட்டான். பிறகு வெறி பிடித்தவன்போல் அடித்தான். மடங்கிய தகடு உள்ளங்கையைக் கிழித்தது. பிடி வழுக்கியது. விடாமல் அடித்தான். ஒரு இரும்புத் துண்டு தெறித்து, சன்னல் வழியாகப் போய் அவள் காலடியில் விழுந்தது.

அவள் துள்ளித் திரும்பினாள்.

சம்மட்டியைப் பார்த்தாள். நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். அவன் முழங்கை வரை ஒழுகியிருந்ததைப் பார்த்தாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"திட்டு சாந்தா. என்ன வேணா சொல்லு."

அவள் அவன் உதடுகளையே பார்த்தாள். தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில் கத்தினாள்.

"ஏனுங்க, கையெல்லாம் ரத்தம்! எப்ப வந்தீங்க?"