நீலக் கோட்டுத் தளபதி

பார்வை போயும் இந்த மனிதருக்கு அதிகாரம் போகவில்லையே என்று அவள் மனத்துக்குள் நொந்துகொண்டாள்.

மேசைமேல் நெப்போலியன் காலத்துப் படை, கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகளாக அணிவகுத்து நின்றது. கணவர் வார்த்துத் தருவார், அவள் வண்ணம் பூசுவாள். கண் வைப்பது மட்டும் எப்போதும் அவர் வேலை.

“கோட்டுக்கு என்ன நீலம் அடிச்சே?”

“கருநீலம்தாங்க.”

“பார்த்து. பட்டாளத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களா ஆக்கிடாதே. ஆமா, நேத்து எங்கே போயிருந்தே? கூப்பிட்டா பதிலே இல்லை.”

“கடைக்குங்க.”

“யாரோட?”

அவள் கையிலிருந்த தளபதிப் பொம்மையின் கடைசிப் பொத்தானுக்குப் பொன்வண்ணம் வைத்தாள்.

“சரி, இனிமே என்னால முடியாது. கண்ணையும் நீயே வச்சிடு.”

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவரை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. தன் முகச்சாயலிலேயே அவர் வார்த்து வைத்திருந்த அந்தத் தளபதியின் உதடுகள்தான் அவள் விரலிடுக்கில் அசைந்துகொண்டிருந்தன.

“வை, சீக்கிரம். உன்னைப் பார்த்து எத்தனை நாளாச்சு!”

அவள் தூரிகையை நீரில் அலசி, துடைத்து வைத்தாள்.

“வேண்டாங்க. இதுவரைக்கும் பார்த்தது போதும்.”