நாவல் மரத்துப் பலகை

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெத்தவன் செத்த பிறகுதான் பாசம் பொத்துக்கிட்டு வருது!"

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், மரப்பைத்தியம் தீனதயாளன் உருவாக்கிய தோட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து பெரியவர் காறித் துப்பிக்கொண்டே வந்தார். அங்கே மரத்துக்கு மரம், இறந்துபோன ஒருவரின் பெயர்ப்பலகை.

ஒரு நாவல் மரத்தடியில் நின்றார்.

"இது ஆரு வெச்சது?"

"கௌசிக்குன்னு, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவருங்க. மாசம் தவறாம வந்து தண்ணி ஊத்துவாரு. அப்பன நெனச்சு அழுவாருங்க" என்றார் தீனதயாளன்.

"அழுவறானா? அப்பன் ஊட்டுப் பக்கம் ரெண்டு வருசமா எட்டிப் பாக்கலியே, அந்த நாயி!"

"செத்தவரு ஊட்டுல ஆரப் போயிப் பாக்கறதுங்க?"

பெரியவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அமரர் சின்னுசாமி, மேச்சேரி.'

சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே பெயர், அதே ஊர்.

தீனதயாளன் அட்டையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா... செத்தவங்க பேருலதான் மரம் வெக்க உடுவேன்னு நாந்தானுங்க சொன்னேன். உங்க பேருல வெக்கற ஆசையில பொய் சொல்லிட்டாராட்ட இருக்குதுங்க. எல்லாம் பாசந்தானுங்க."

"பாசமாம்! எனக்கு உசுரோட கொள்ளி வெச்சுப்போட்டு, மரத்துக்குத் தண்ணி ஊத்தறானாம்!"

அமரர் சின்னுசாமி மறுபடியும் காறித் துப்பிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.