களை

திரையில் விரிந்த வரைபடத்தில் நாட்டின் கார்பன் மோனாக்சைடு அளவு முப்பது வருடமாகச் சறுக்குமரம் போல வழுக்கி இறங்குகிறது. வாகனம் நீலம், ஆலை பச்சை, வயலில் எரிப்பது மஞ்சள். எல்லாவற்றுக்கும் அடியில் நூலிழையாக ஒரு ரோஸ், அது வீட்டில் குளிர்காய எரிக்கும் கரி. வரைந்தவள் மூலை நாற்காலியில் மவுஸைப் பிடித்தபடி இருக்கிறாள். போன மாதம் கதவடைத்த அறையில், கரிச்சட்டிக்குப் பக்கத்தில், அவள் தம்பி கிடந்ததும் இதே நிறத்தில்தான். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, தான் கொன்ற ஆளின் முகத்துக்கு மட்டும் ரோஸ் பூசிவிட்டுப் போகும். “தூங்குற மாதிரி களையா இருக்கான்மா” என்று அன்று அவனுக்கு மாலை போட்டுவிட்டுச் சொன்ன அதிகாரி, இப்போது எழுந்து திரைக்கு முன்னால் நிற்கிறார். ரோஸ் கோடு அவருடைய வெள்ளைச் சட்டையில், தொப்பைக்குக் குறுக்கே வளைந்து விழுகிறது. “எப்படி இறக்கியிருக்கோம் பாத்தீங்களா!” மேசையைச் சுற்றிக் கைதட்டல். “இது என்னம்மா அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரி? கண்ணுக்கே தெரியல. ‘மற்றவை’ல சேர்த்துடு.” யாரோ சிரிக்கிறார்கள். அவள் விரல் ஒருமுறை அழுத்துகிறது. ‘மற்றவை’யின் சாம்பல் நிறம் ரோஸை விழுங்குகிறது.

“ஆங், இப்பதான் களையா இருக்கு” என்கிறார் அதிகாரி.