பூட்டின அறை

"பேய்க் கதை சொல்லிக் கொடுக்கத்தான் பள்ளிக்கூடமா? நாளையிலேர்ந்து வைதேகி போக வேண்டாம். நிறுத்திடு!"

மனைவியிடம் சொன்ன கையோடு வேதாந்தம் டிராமைப் பிடிக்க ஓடிவிட்டார்.

கோமளத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தான் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றது போதாதா? பெண் வைதேகியும் இரண்டாம் பாரப் படிப்போடு நிற்க வேண்டுமா?

அடுப்பை அணைத்தாள். மறுபடி மூட்டினாள். சாதத்தைப் பிசைந்தவள் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு, மந்தைவெளியிலிருந்து வெயிலில் நடந்தே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

இங்கிலீஷ் டீச்சர் ஆரோக்கியமேரி நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்லே டீச்சர். இலக்கணம் எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக் குடுங்கோ. அந்தக் கதை மட்டும் வேண்டாம்."

"எந்தக் கதை?"

"தெரியாத மாதிரி கேக்கறேளே! மலைமேலே பாழடைஞ்ச பங்களா, ஊளையிடற காத்து, கூடப் பிறந்தவனே தங்கையை இருட்டறையிலே போட்டுப் பூட்டறான், அவ உள்ளேயிருந்து தட்டறா... எங்க ஊர் முனி எவ்வளவோ தேவலை, புளியமரத்தை விட்டு எறங்காது. இது ஆத்துக்குள்ளேயே வந்துடுத்து!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைதேகி பயப்படுதா?"

"அவளா? இடி விழுந்தாலும் தூங்குவா. எனக்கு என் நாத்தனாரை நெனைச்சுத்தான் கவலை."

கோமளத்தின் குரல் இறங்கியது.

"அம்புஜம்னு பேர். பதினெட்டு வயசு. அவளும் மூணாம் பாரம் வரை படிச்சவதான். ஆவணியிலே ஆத்துக்காரர் தவறிப் போயிட்டார். வருஷம் திரும்பற வரைக்கும் மூலையிலே இருக்கணுமோன்னோ? கொல்லைப்பக்க அறையிலே இருக்கா. யார் கண்ணிலேயும் படப்படாது. வைதேகி சாயந்தரமானா அவகிட்டே போய் உக்காந்துண்டு கதையை இங்கிலீஷ்லே ஒப்பிக்கறா. ஆத்திலே யார்கிட்டேயாவது சொல்லிக் காட்டணும்னு நீங்கதான் சொன்னேளாம்."

"ஆமா. வாயால சொன்னாத்தான் இலக்கணம் மனசுல நிக்கும்."

"இவளுக்கு இலக்கணம் நின்னுதோ இல்லையோ, அவளுக்குத் தூக்கம் நின்னுடுத்து! வாயே திறக்காம கிடந்தவ, இப்போ மத்தியானம் ஆனா, 'பள்ளிக்கூடம் விட்டாச்சா மன்னி, வைதேகி வந்தாச்சா மன்னி'னு அறைக்குள்ளேயே சுத்திச் சுத்தி நடக்கறா. நேத்து வைதேகி வர நாழியாயிடுத்து. அம்புஜம் உள்ளேயிருந்து கதவை டமடமன்னு தட்டிட்டா. இவர் அரண்டுபோயிட்டார். வைதேகியை நிறுத்துங்கறார்."

ஆரோக்கியமேரி மேஜைமேல் இருந்த சாக்குக் கட்டியை இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

"வைதேகி தினம் ஒரு கேள்வி கொண்டுவரும்மா. அத்தை கேக்கச் சொன்னாங்கன்னு. அந்த அறையில ஜன்னல் உண்டா? பூட்டு துருப்பிடிச்சிருக்கா? அந்தப் பொண்ணுக்கு வெளியே போனா எங்க போறதுன்னு தெரியுமா?"

"அதான் சொல்றேன்! முடிக்காம இழுத்தா கேள்வி வரத்தான் செய்யும்" என்றாள் கோமளம். வரும் வழியிலேயே அவள் ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தாள். "ஒண்ணு பண்ணுங்கோ. புஸ்தகத்திலே என்ன முடிவு இருக்கோ, அதை இன்னிக்கே வைதேகிகிட்டே சொல்லி அனுப்பிடுங்கோ. கதை தீர்ந்துடுத்து, இனிமே பேயும் இல்லை, பங்களாவும் இல்லைன்னு இவர்கிட்டே நான் சொல்லிக்கறேன். என் பொண்ணு படிப்பு தப்பிச்சுடும்."

டீச்சர் பாடப் புஸ்தகத்தை எடுத்து அந்தக் கதையைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், நான் கேட்டது தப்பா?"

"புஸ்தகத்துல அந்தக் கதை மொத்தமே நாலு பக்கம்தாம்மா. மத்தப் பிள்ளைங்களுக்குப் போன மாசமே முடிச்சிட்டேன். ஜன்னல், பூட்டு, அதெல்லாம் வைதேகிகிட்ட மட்டும் தினம் நானா சேர்த்துச் சொல்லி அனுப்பறது."

"எதுக்காக?"

"புஸ்தகத்துல, பூட்டின அறைக்குள்ளேயே அந்தப் பொண்ணு செத்துப்போயிடறா. அந்த முடிவையா உங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொல்றீங்க?"