இருநூற்றுப் பதிமூன்றாவது கணக்கு

எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். செயலிகளுக்குள் நுழையும் கணக்குகளோ இருநூற்றுப் பதிமூன்று. யாருக்கு எந்தச் செயலியில் அனுமதி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் எடுத்து, மேலாளர்களிடம் டிக் வாங்குவது என் வேலை. கூடையோடு காய் வாங்குகிறவன்கூட ஒன்றைப் புரட்டிப் பார்ப்பான். இவர்கள் பார்ப்பதே இல்லை.

கூடுதலாக இருந்த, பெயரில்லாத அந்தக் கணக்கு கிடங்குப் பட்டியலில் இருந்தது. கிடங்கு மேலாளரிடம் காட்டினேன்.

“நம்ம ஆள்தான்யா. டிக் போட்டிருக்கேனே!”

“ஆளை முகம் பார்த்திருக்கீங்களா?”

“டிக்குக்கு எதுக்குய்யா முகம்? போய் வேலையப் பாரு.”

கணக்கை மூடினேன். மதியம் திறந்திருந்தது. மூட மூடத் திறந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு செயலி கூடுதலாக. முதலில் அரட்டை, பிறகு வாசற்கதவு, கடைசியில் தரைத்தளத்தில் இருக்கும் ஊழியர் குழந்தைகள் காப்பகத்தின் செயலி. அங்கே என் மகளின் பெயருக்கு நேராக, ‘தந்தை’ என்று அந்தக் கணக்கு இருந்தது. ஒப்புதல் கட்டத்தில் என் டிக். அவசரத்தில், நான் டிக் போட வேண்டிய பட்டியலை நானும் படிக்காமல்தான் அனுப்பியிருந்தேன்.

படியிறங்கி ஓடினேன். தினமும் என் மகளை என் கையில் கொடுக்கும் ஆயாம்மா பாய்களை மடித்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா எங்கம்மா?”

“அவங்கப்பா இப்பதான் கூட்டிட்டுப் போனாரு. அப்பான்னு ஓடிப்போய்க் கட்டிக்கிச்சு, பாக்கவே அழகு.” நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க யாரு சார்?”