கைக்குட்டை போட்ட இருக்கை

தியாகு முண்டியடித்து ஓடி, மூன்றாவது இருக்கையிலும் கைக்குட்டையை விரித்துவிட்டான். 2006 டிசம்பர். துபாய்ப் பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது.

"இதென்ன நம்ம ஊர் பஸ்ஸா, துண்டு போட்டு எடம் பிடிக்க? மானம் போகுதுங்க" என்றாள் மனைவி ஜெயலட்சுமி.

"மாறனுக்கு எடம் வேணாமா?"

"இன்னும் எத்தனை கச்சேரிக்கு இப்படி?"

"இந்த சீட் காலியா, பாய்?" என்றார் அரங்கக் காவலர்.

"ஆள் வருது."

மேடையில் லண்டன் குழு. வயலின், புல்லாங்குழல், முந்நூறு வருடப் பழைய ஆங்கில மதுக்கடைப் பாட்டு. பாடகர் கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பக்கம் ஒரு வரி பாடியதும், அடுத்த பக்கம் அதே பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன் அவனும் மாறனும் தங்கியிருந்த ஷார்ஜா ரோலா பேச்சிலர் ரூமில் வெள்ளிக்கிழமைதோறும் பாட்டுத்தான். மாறன் மட்டும் எப்போதும் ஒரு வரி பின்னால் வருவான். "டேய், நாங்க எறங்கியாச்சு, நீ இன்னும் பஸ்ஸே ஏறலியா?" என்று ரூமே கத்தும். இந்தப் பாட்டுக்கு அவன்தான் சரியான ஆள்.

முதல் பக்கம் பாடி முடித்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. வாத்தியங்களும் ஓய்ந்தன.

கைக்குட்டை போட்ட இருக்கையிலிருந்து ஒரு குரல் மட்டும், கடைசி வரியை நிதானமாகப் பாடி முடித்தது.

ஜெயலட்சுமி கணவனின் கையை இறுகப் பிடித்தாள். "என்னங்க... இது..."

"லேட்டாத்தான் வருவான்" என்றான் தியாகு.

போன மார்ச்சில், ஷார்ஜா விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு, மாறனின் சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பிவைத்தவன் அவன்தான்.