மிஸ் டென்பி மேல் ஸ்டவுட் வாடை

"மிஸ் டென்பி குடிக்கிறா!"

சனிக்கிழமை கிளப்பில் எர்னி இப்படிச் சொன்னதும் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தோம்.

சும்மாவா? ஏழு வயதில் பைபிள் மேல் கைவைத்து, மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள். தெருமுனைச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கிளப்பைத் திறக்கக் கூடாதென்று கோர்ட் வரை போனவள். எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊரில் அவளுக்குப் பயந்து தெருவில் ஏப்பம்கூட விடமாட்டோம்.

"உளறாதே," என்றேன்.

"கண்ணால பாத்தேன் பெர்ஸி. கிளிஃப் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான்ல? இவ தினமும் அவன் வீட்டு நிலவறைக்குள்ள போறா. வெளிய வரும்போது கோட்டெல்லாம் ஸ்டவுட் நாத்தம்."

"மோந்து பாத்தியாக்கும்?"

"மோந்து வேற பாக்கணுமா? தெருவே மணக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலவறையில் இருந்தது, கிளிஃப் தன் மகள் மாரீனுக்காகக் காய்ச்சிய இனிப்பு ஸ்டவுட். மாரீனுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் அந்தக் கறுப்பு பியரைத்தான் கொடுப்பார்கள். பால் ஊறும் என்று நம்பிக்கை. கடையில் விற்பது பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பான் கிளிஃப்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டேய், உன் சரக்கைப் பக்கத்து வீட்டுப் புண்ணியவதி காலி பண்றாளாம்."

அவன் காதில் வாங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. டீக் கோப்பையை நீட்டினான். "குடிச்சுப் பாரு."

"என்னடா, இனிப்பையே காணோம்?"

"வீட்டிலேர்ந்து கொண்டுவந்த சர்க்கரை. அள்ளிப் போட்டிருக்கேன்." தலைமாட்டிலிருந்து காகிதப் பையை எடுத்தான். "இது பால் சர்க்கரைடா! ஸ்டவுட்டுல கலக்க வாங்கினது. வயித்து வலியில பை மாறிப்போச்சு."

"அப்போ ஸ்டவுட்டுல?"

"டீக்குப் போடற சர்க்கரை. மொத்தப் பையும்."

நானும் வீட்டில் காய்ச்சுகிறவன்தான். பால் சர்க்கரையை ஈஸ்ட் தொடாது. இனிப்பு லேசானாலும் அப்படியே நிற்கும். வெள்ளைச் சர்க்கரை கிடைத்தால் விடாது. தின்று தின்று காற்றாக விடும். நுரைக்குப் பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை போதும். மொத்தப் பை என்றால், அத்தனை பாட்டிலும் குண்டு.

"போய்க் கொட்டிடு பெர்ஸி. யாராவது செத்துத் தொலையப் போறாங்க."

"மாரீனுக்கு?"

"மறுபடி காய்ச்ச நாள் எங்க இருக்கு?" பையை என் மடியில் எறிந்தான். "இதையும் சேர்த்துக் கொட்டு." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு கிளிஃப் வீட்டுக்குப் போனேன். நிலவறைக் கதவு திறந்திருந்தது.

கீழே மிஸ் டென்பி. தடிமனான கோட்டு, தோட்ட வேலைக் கையுறை, தலையில் ஜாம் காய்ச்சும் பாத்திரம். ஒரு பாட்டிலின் திருகு மூடியை லேசாகத் திருப்பினாள். 'ஸ்ஸ்ஸ்...' நுரை பொங்கிக் கைவழியே வழிந்தது. மூடியை இறுக்கினாள். அடுத்த பாட்டில்.

மூலையில் பெருக்கிக் குவித்த கண்ணாடித் தூள். மற்றதெல்லாம் வரிசை வரிசையாக, உடையாமல்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? காத்து இறக்கறேன். கதவைச் சாத்தாதீங்க, சூடேறும்."

"உங்களுக்கு எப்படி..."

"மொத பாட்டில் வெடிச்சப்போ எங்க வீட்டுச் சுவரே ஆடுச்சு. மாத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு. சர்ச் விருந்துக்குப் போதையில்லாத இஞ்சி பியர் போடறது யாருன்னு நெனச்சீங்க? அது நல்லது, இது பாவம். வெடிக்கறதுல ரெண்டும் ஒண்ணுதான்."

"பிடிக்காத சரக்கு. கொட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அடுத்த வீட்டுப் பொருளைக் கொட்ட நான் யாரு? அந்தப் பொண்ணுக்குன்னு ஆசையா போட்டிருக்கார்." ஒரு பாட்டிலை நீட்டினாள். "தேறுமான்னு பாருங்க. எனக்கு ருசி தெரியாது."

ஊற்றினேன். கரியைப் போலக் கறுப்பு. மேலே பாலேடாக நுரை. ஏறி, நின்று, அசையவே இல்லை. குடித்தேன். ஆயுசெல்லாம் ஸ்டவுட் குடித்தவன், இப்படி ஒன்றைக் குடித்ததில்லை. இனிப்பு ஒன்றுதான் இல்லை. அது, கிளிஃப் எறிந்த பால் சர்க்கரை, என் கோட்டுப் பையில் இருந்தது. குடிக்கும்போது கரைத்துக் கொடுத்தால் போயிற்று.

தெருமுனையிலிருந்து மாலை ஆராதனைப் பாட்டு கேட்டது. ஆர்கன் தடுக்கித் தடுக்கி வந்தது.

அப்போதுதான் உறைத்தது. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே! அங்க யாரு வாசிக்கறது?"

"யாரோ." மிஸ் டென்பி பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் மேல வாடை அடிக்குதாம். குடிச்சியான்னு கேட்டாங்க. நேத்தே ஆர்கன் சாவியை வாங்கிட்டாங்க."

"உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மொத்தத்தையும் கொட்டுன்னு வந்து நிப்பாங்க. பொய் சொல்லவும் வராது. வாயை மூடிக்கிட்டேன்."

தலையிலிருந்த வாளியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மரியாதையெல்லாம் அப்புறம். மாட்டுங்கய்யா, வெடிக்கும்!" என்றார் மிஸ் டென்பி.